சிங்கி பேசாத குறவஞ்சி

காணாமற்போன மனைவியைத் தேடி அலைந்த வேட்டைக்காரன் சிங்கன் கடைசியில் அவளைக் கண்டுபிடிக்கிறான். அவள் உடம்பெல்லாம் புதிதாக என்னென்னவோ மின்னுகின்றன. அதிசயமாக இருக்கிறது, ஆனால் வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருக்கிறது என்கிறான். பயப்பட ஒன்றுமில்லை, மனசில் பட்டதைச் சொல் என்கிறாள் சிங்கி. உன் காலில் பெரிய விரியன் கடித்துக் கிடக்கிறதே என்று கேட்கிறான். சேலத்து நாட்டில் குறி சொல்லி வாங்கிய சிலம்பு அது என்கிறாள். மண்புழு மாதிரி நெளிவது என்ன என்றால், பாண்டியன் மகள் குறி கேட்டுத் தந்த பாடகம். செத்த தவளையைக் காலில் கட்டியிருக்கிறாயே என்றால், குற்றாலநாதர் சன்னிதிப் பெண்கள் கொடுத்த கெச்சம். சுண்டுவிரலில் சுருண்டு கிடப்பது கண்டி தேசத்துச் சம்பாத்தியம். இப்படிக் காலில் தொடங்கும் அவன் கண்கள் மேலே ஏற ஏற, கேள்வியின் ருசியும் மாறுகிறது. கட்டிக்கொண்டு ஒரு முத்தம் கொடுக்கட்டுமா என்கிறான். பட்டப்பகலிலா என்று கேட்கிறாள். சேலையைக் கொஞ்சம் நெகிழ்க்கட்டுமா என்றால், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்காதே என்கிறாள். இன்னும் துணிந்து அவன் கேட்கும் கேள்விக்கு, காமம் அடங்கவில்லை என்றால் போய் மண்ணோடு முட்டிக்கொள் என்று பதில் வருகிறது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய திருக்குற்றாலக் குறவஞ்சியின் இறுதிப் பகுதி இது. மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் இதற்குப் பரிசாக நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். தமிழில் காமச்சுவை மிகுந்த நூல்களில் ஒன்று, ஒரு சிவத்தலத்தைப் பாடி, அரச மானியமும் பெற்று, இன்றுவரை பள்ளிப் பாடமாகவும் நிலைத்திருக்கிறது.

காமச்சுவையுள்ள ஒரு பழைய படைப்பைப் புதிதாக எடுத்தால் பார்வையாளர்கள் என்ன சொல்வார்கள் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்த விஷயம்தான். குற்றாலத்திலிருந்து செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் கேரளம். அங்கே பரதன் 1978-இல் பத்மராஜன் கதையை வைத்து எடுத்த ‘ரதிநிர்வேதம்’ படத்தை, 2011-இல் டி.கே. ராஜீவ் குமார் மறுபடி எடுத்தார். இப்படி ஒரு மறு ஆக்கம் வரும்போதெல்லாம் பேச்சு ஒரே தராசில் போய் நிற்கும். பழையதில் நாசூக்கு இருந்தது, புதியதில் சதைதான் இருக்கிறது என்பார் ஒருவர். இதில் என்ன இருக்கிறது, இதைவிட அதிகம் கைபேசியிலேயே பார்த்துவிட்டோம் என்பார் அடுத்தவர். இருவருமே அளக்கும் படி ஒன்றுதான்: எவ்வளவு காட்டினார்கள், எவ்வளவு மறைத்தார்கள். அந்தப் படி தவறானது என்பது என் வாதம். அதற்குச் சினிமாவைவிட நல்ல சாட்சி குற்றாலக் குறவஞ்சி. சினிமா மறு ஆக்கத்துக்கு முப்பது நாற்பது வருஷ இடைவெளி என்றால், இதற்கு முந்நூறு வருஷம். இடையில் பலர் பலவிதமாக இந்த வடிவத்தை எடுத்து மாற்றியிருக்கிறார்கள். சுத்தம் செய்தவர்களும் உண்டு, அசிங்கப்படுத்தியவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் கைவிட்டது ஒரே பொருளை. அது சிங்கியின் வாய்.

நூலுக்குள் கொஞ்சம் போய்ப் பார்த்தால்தான் இது விளங்கும். கட்டியக்காரன் வந்து அறிவிக்க, திரிகூடநாதர் என்னும் குற்றாலநாதர் பவனி வருகிறார். பந்தடித்துக்கொண்டிருந்த வசந்தவல்லி பார்க்கிறாள். பார்த்த மாத்திரத்தில் மயங்குகிறாள். நிலாவைத் திட்டுகிறாள், மன்மதனோடு மல்லுக்கு நிற்கிறாள். பாம்பை அணிந்து யானைத்தோல் போர்த்தவரிடம் என்ன கண்டாய் என்று பாங்கி கேட்டாலும் அசைவதில்லை. அவளையே தூது போகச் சொல்கிறாள், எந்த நேரம் போனால் சன்னிதியில் கூட்டம் இருக்காது என்றுகூடச் சொல்லி அனுப்புகிறாள். அந்த நேரத்தில் குறத்தி வருகிறாள், அவள்தான் சிங்கி. தன் மலையையும் அருவியையும் குலத்தையும் பெருமையாகச் சொல்லி, கைபார்த்து, உன் நோய் காமநோய், அதற்குக் காரணம் குற்றாலநாதர் என்று குறி சொல்லிப் பரிசு பெறுகிறாள். பிறகு வருகிறான் சிங்கன், கூடவே துணைக்கு நூவன். பறவை பிடிக்கக் கண்ணி வைக்கிறார்கள். சிங்கனுக்கோ மனம் கண்ணியில் இல்லை, சிங்கியிடம் போய்விடுகிறது. ஆசையை மூடி மறைக்காத இரண்டு பெண்கள் இந்தக் கதையில் இருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருத்தி மாடவீதிப் பெண். தான் விரும்பியவனைத் தானே சொல்கிறாள். இன்னொருத்தி ஊர் ஊராய்ப் போய்த் தொழில் செய்து தன் காலில் நிற்பவள். அவள் காலில் கிடக்கும் ஒவ்வொரு நகையும் அவள் உழைத்து வாங்கியது, எந்த ஊரில் வாங்கியது என்ற கணக்கும் அவளிடம் இருக்கிறது. வேலைக்குப் போய் வந்த மனைவியைச் சந்தேகமும் ஆசையுமாகப் பார்க்கும் கணவன், அவனுக்குச் சளைக்காமல் பதில் சொல்லும் மனைவி என்று அந்தக் காட்சியை இன்றைக்கும் அப்படியே படிக்கலாம். காட்சியில் காமத்தின் அளவு குறைவில்லை. ஆனால் அதன் கடிவாளம் கேட்பவன் கையில் இல்லை, பதில் சொல்பவள் நாக்கில் இருக்கிறது.

குறவஞ்சியை மாற்றி எழுதுவது நேற்று தொடங்கியதல்ல. பாளையங்கோட்டைப் பக்கம் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் 1800 வாக்கில் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அதில் தேவமோகினி காதலிப்பது இயேசுநாதரை. குறி சொல்ல வருபவள் ஞானச் சிங்கி. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் சரபோஜி மன்னரைத் தலைவனாக வைத்த சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை ஆண்டுதோறும் தேவதாசிகள் ஆடினார்கள். ஆக, ஆளை மாற்று, சாமியை மாற்று, தேவையானால் காமத்தைத் தத்துவமாக்கு என்ற வேலை இந்த வடிவத்தோடு கூடவே வந்திருக்கிறது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஒரு வடிவம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

சிக்கல் 20-ஆம் நூற்றாண்டில் வந்தது. தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்ற போராட்டம் ஒரு பக்கம். முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் அதோடு இணைந்தது, சென்னை மாகாணச் சட்டம் 1947-இல் வந்தது. ஆட்டத்தை மட்டும் காப்பாற்றிக் குடும்பப் பெண்கள் ஆடும்படி ஆக்க வேண்டும் என்ற முயற்சி இன்னொரு பக்கம். ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் அடையாற்றில் தொடங்கிய கலாக்ஷேத்திரம், 1944-இல் தன் முதல் நாட்டிய நாடகமாக எடுத்துக்கொண்டது குற்றாலக் குறவஞ்சியைத்தான். அதுவரை ஏட்டிலும் கோயில் மண்டபங்களிலும் இருந்த வடிவத்தைச் சீரான உடை, ஒளி, குழு ஆட்டம், கட்டுக்கோப்பான சங்கீதம் ஆகியவற்றோடு நகரத்து மேடைக்குக் கொண்டுவந்தது சாதாரணச் சாதனையல்ல. அந்தக் கைங்கரியம் இல்லாவிட்டால் சென்னைவாசிகள் பலருக்கு வசந்தவல்லி என்ற பெயரே தெரிந்திருக்காது. ஆனால் அந்த மேடைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. சிருங்காரம் பக்தியின் பக்கம் திரும்ப வேண்டும். உடம்பின் ஆசை கண்ணில் உறுத்தக் கூடாது. ருக்மிணி தேவியின் இந்தக் கொள்கை ஊரறிந்தது. அதற்கு எதிராக நின்றவரும் சாமானியரல்லர். தஞ்சாவூர் இசைக் குடும்பத்தில் வந்த நடனக் கலைஞர் பாலசரஸ்வதி, சிருங்காரத்தைச் சுத்திகரிக்க யாருக்கும் வேலையில்லை, அது ஏற்கெனவே உயர்ந்த ரசம்தான் என்று கடைசிவரை சொன்னார். 1975-இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில், கச்சேரி வரிசையைக் கோயிலுக்குள் போவதோடு ஒப்பிட்டு, காதல் நிறைந்த பதங்களைக் கருவறைக்குப் பக்கத்தில் வைத்தார். பக்திக்கு இடையூறு என்று மற்றவர்கள் எதை ஒதுக்கினார்களோ, அதையே பக்தி கனியும் இடமாக அவர் காட்டினார். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஆனால் மேடையும் பள்ளியும் சான்றிதழும் பெரும்பாலும் முதல் கட்சியின் பக்கம் சேர்ந்தன. இன்றைக்குச் சபாக்களில் குற்றாலக் குறவஞ்சியிலிருந்து தனி உருப்படியாக அதிகம் ஆடப்படுபவை பந்தடியும் மலைவளமும். கண்ணுக்கு இனியவை, சர்ச்சை இல்லாதவை. மண்ணோடு முட்டிக்கொள் என்று சொல்லும் சிங்கியை அங்கே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதே சிங்கனும் சிங்கியும் வேறு பெயரில், வேறு வெளிச்சத்தில், தென் மாவட்டங்களின் கோயில் கொடை விழாக்களில் ஆடிக்கொண்டிருந்தார்கள். தென்காசி, சுரண்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் வட்டாரங்களில் கொடை என்றால் வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கரகாட்டம், அவற்றோடு குறவன் குறத்தி ஆட்டம் என்பது பலகாலப் பழக்கமாக இருந்தது. இரவு நேரமாக ஆக, சாமி கும்பிட வந்த பெண்களும் குழந்தைகளும் வீட்டுக்குப் போக, முன்வரிசையில் வாலிபர்கள் நெருங்க, ஆட்டத்தின் தரம் இறங்கும். ஆண் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு இரட்டை அர்த்தத்தில் கேட்பான், கூட்டம் விசிலடிக்கும், பெண் இடுப்பை அசைத்தால் போதும். இடையிடையே சினிமாப் பாட்டு. நல்ல கலைஞர்கள் இதில் இல்லாமலில்லை. பதிலுக்குப் பதில் சொல்லிக் கூட்டத்தை வாயடைக்க வைக்கும் குறத்திகளும் இருந்திருக்கிறார்கள். ஆனால் காசு கொடுப்பவர் கேட்பது அதை அல்ல. இந்த ஆட்டம் தங்கள் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்று குறவர் சமூகத்தவர் தரப்பிலிருந்து வழக்கு போனது. 2023 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டது. அந்த மார்ச் மாதமே தமிழக அரசு குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் நிகழ்ச்சி நடத்தத் தடை போட்டு, அரசின் நாட்டுப்புறக் கலைப் பட்டியலிலிருந்தும் அதை எடுத்துவிட்டது.

சபா மேடையையும் கொடை மேடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் காமம் இல்லாத அளவுக்கு வடிகட்டியாகிவிட்டது, இன்னொன்றில் காமத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. எவ்வளவு காட்டினார்கள் என்று அளந்தால் இரண்டும் எதிரெதிர்த் துருவம். யார் பேசுகிறார்கள் என்று அளந்தால் இரண்டும் ஒன்று. சபாவின் நாயகி அழகாக ஏங்குகிறாள். கொடையின் குறத்தி அழகாக ஆடுகிறாள். ஆசைப்படும் ஆணை மடக்கிப் பதில் சொல்லி, அவனைச் சிரிக்க வைத்து, தன் நேரத்தையும் இடத்தையும் தானே தீர்மானிக்கும் கவிராயரின் சிங்கி இரண்டிலும் இல்லை. காமத்தைக் கூட்டியதும் குறைத்ததும் அவளுக்கு ஒன்றுதான். உரையாடலை வெட்டியபோதே அவள் போய்விட்டாள்.

பெண் பேசுவதுதான் உறுத்துகிறது, காமம் அல்ல என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 18-ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூர் அரசவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனம்’ எழுதினார். ராதையின் ஆசையை ராதையின் பக்கமிருந்து சொல்லும் நூல். அதை 1910-இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் பதிப்பித்தபோது, சமூக சீர்திருத்தத்தில் பெரிய பெயரான கந்துகூரி வீரேசலிங்கம் போன்றவர்களே முகம் சுளித்திருந்தார்கள். ஆங்கில அரசு நூலைத் தடைசெய்தது. அந்தத் தடை நீங்க, தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த காலம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாகரத்தினம்மாள் அன்று கேட்ட கேள்வி எளிமையானது: இதே அளவு, இதைவிடவும் அதிகம், ஆண் புலவர்கள் எழுதியதைக் கொண்டாடுகிறீர்களே, ஒரு பெண் எழுதினால் மட்டும் ஏன் வெட்கம் வருகிறது? அதற்குச் சரியான பதில் இதுவரை வந்ததாகத் தெரியவில்லை.

இந்த வாதத்துக்கு மறுப்பு உண்டு. முதலாவது, பக்தர்கள் சொல்வது: குறவஞ்சி முழுக்க சீவன் சிவத்தைத் தேடும் கதை, வசந்தவல்லியின் விரகம் உயிரின் தவிப்பு, அதில் உடம்பைத் தேடுவது பார்ப்பவன் கோளாறு. வசந்தவல்லியைப் பொறுத்தவரை இதை மறுக்க நான் வரவில்லை. சம்பந்தரும் பாடிய தலம், ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை உள்ள ஊர். அங்கே பாடிய கவிஞனுக்குப் பக்தி இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த விளக்கம் சிங்கன் சிங்கியிடம் வந்தால் தடுக்கி விழுகிறது. அவர்கள் புருஷன் பெண்டாட்டி. ஒருவரையொருவர் தேடி, சண்டைபோட்டு, சேர்கிறார்கள். தத்துவம் மட்டும் போதும் என்றால் கவிராயர் கைபார்த்து முடிந்ததும் கதையை நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. தலைவியின் ஏக்கம் சாமியின் பவனியோடு மேலே நிற்க, கீழே மண்ணில் நிற்கும் காதலுக்கும் சம இடம் கொடுத்தார். அந்தக் கீழ்ப்பாதியை வெட்டுவது பக்தியைக் காப்பாற்றுவதாகாது. கவிராயருடைய பக்தியின் அகலத்தைக் குறைப்பதாகும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. அதைத் தள்ளிவிட்டுப் போகக் கூடாது. சிங்கி பேசுகிறாள் என்று கொண்டாடுகிறீர்களே, அவளைப் பேச வைத்தது யார்? கோயிலையும் அரண்மனையையும் அண்டிய ஓர் ஆண் புலவர். குறி சொல்வது, பறவை பிடிப்பது, நடுத்தெருவில் மனைவியிடம் அசடு வழிவது என்று ஒரு சமூகத்தை வேடிக்கைப் பொருளாக்கியது அவர் கைதானே? கொடை மேடையில் நடந்த அவமானத்துக்கு வித்து அங்கேதானே? பாதிக்குமேல் உண்மை. வசந்தவல்லிக்குக் கிடைத்த கண்ணியத்தைக் கவிராயர் சிங்கனுக்குக் கொடுக்கவில்லை. உயர்குடித் தலைவியின் காமம் விரகமாகவும், மலைக்குறவன் காமம் சிரிப்பாகவும் வருகிறது. குறவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆபாச ஆட்டத்துக்குத் தங்கள் பெயரை ஒட்டக்கூடாது என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமையும் இருக்கிறது. ஆனால் தடையின் விளைவைப் பாருங்கள். அதே சிங்கனும் சிங்கியும் குளிரூட்டிய சபாவில் வந்தால் செவ்வியல், அம்மன் கோயில் திடலில் வந்தால் குற்றம். பெயர் போய்விட்டது, ஆபாசம் ஆடல்பாடல் என்ற வேறு பெயரில் தொடர்கிறது. ஆடல்பாடல் நிகழ்ச்சிகளுக்கு ஆபாசம் கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை போடுவதும், மேடையில் அது காற்றில் பறப்பதும் வருஷாவருஷம் நடப்பதுதான். பட்டியலிலிருந்து நீங்கியதால் நேர்மையாகக் குறத்தி வேஷம் கட்டிப் பிழைத்த கலைஞருக்கு நஷ்டம். அதைச் சீர்படுத்தும் வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: சனங்களுக்கு இதெல்லாம் வேண்டாம், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியாததை மேடையேற்றுவானேன்? சனங்களின் ரசனையைப் பற்றி இவ்வளவு மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்த காலத்தில், ராஜாஜியும் கல்கியும் வந்துபோன கூட்டங்களில், தமிழ்க் கவிதையை வாய்விட்டுப் பாடி அனுபவிப்பதையே ஒரு கலையாக்கினார். குறவஞ்சியும் அவர் கொண்டாடிய நூல். பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலேயே சிங்கன் சிங்கி அணிகலன் உரையாடல் வந்திருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைகள் விரியனையும் தவளையையும் படித்துச் சிரிக்கிறார்கள். அதனால் எந்தப் பள்ளியும் கெட்டுப்போகவில்லை. முத்தம் கேட்கும் இடத்தைப் பாடநூல் விட்டிருப்பது நியாயம்தான், அது வகுப்பறை. பெரியவர்கள் பார்க்கும் மேடைக்கு அந்த விலக்கு எதற்கு என்பதே கேள்வி. நகைச்சுவையோடு வரும் ஆசையை ஊர் ஏற்றுக்கொள்ளும். பெண்ணை வாயில்லாப் பொம்மையாக்கும் ஆசைதான் கூட்டத்தில் பாதியைக் கலைந்துபோகச் செய்கிறது. கொடை இரவில் பெண்கள் முதலில் எழுந்து போவது எதனால் என்று விழாக் கமிட்டிக்காரர்கள் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

குற்றாலத்தில் சீசனை ஒட்டி அரசு சாரல் விழா நடத்துகிறது. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வரும் கூட்டத்துக்கு நாட்டுப்புறக் கலைகள், பரதநாட்டியம், பட்டிமன்றம் என்று மேடையில் எல்லாம் உண்டு. குற்றாலக் குறவஞ்சி எழுதப்பட்ட ஊரிலேயே, அந்த மேடையில், அதை வெட்டாமல் நடத்திப் பார்க்கலாம். அதற்கு இரண்டு ஏற்பாடு வேண்டும். சிங்கனையும் சிங்கியையும் எப்படிக் காட்டுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் குறவர் சமூகத்தவர் உட்கார வேண்டும். சிங்கனின் அசட்டுத்தனத்தில் எது சிரிப்பு, எது இழிவு என்று சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர் இல்லை. கரகாட்டத்தில் பதிலுக்குப் பதில் பேசிப் பழகிய பெண் கலைஞர் ஒருவருக்குச் சிங்கி வேஷம் போக வேண்டும். அபிநயம் மட்டும் கற்றவருக்கு அந்த வேகம் கிடைப்பது கஷ்டம். பார்த்தவர்கள் அப்புறம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். காட்டியது அதிகம் என்று சிலர் சொல்வார்கள், போதாது என்று சிலர் சொல்வார்கள். சிங்கி சொன்ன பதிலில் எது நன்றாக இருந்தது என்று பேருந்தில் போகும்போது நாலு பேர் பேசிக்கொண்டால் அந்த மறு ஆக்கம் கவிராயருக்கு அருகில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.